டைமிங் செயினுக்கு எவ்வளவு இறுக்கம் வேண்டும்?

நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் எஞ்சினில் பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும் வால்வும் எரிந்த புகையை வெளியேற்றும் வால்வும் பிஸ்டனின் ஓட்டத்தோடு கணக்குப் பிசகாமல் திறந்து மூட வேண்டியிருப்பதால், அடியில் சுழலும் கிராங்க் தண்டையும் சிலிண்டர் தலைக்குள் சுழலும் கேம் தண்டையும் இணைக்க ஒரு மெல்லிய எஃகுச் செயின் எஞ்சினுக்குள்ளேயே ஓடுகிறது. பின்சக்கரத்தை ஓட்டும் வெளிச்செயினிலிருந்து இதைப் பிரித்துச் சொல்வதற்காக மெக்கானிக்குகள் இதை டைமிங் செயின் என்றோ கேம் செயின் என்றோ அழைக்கின்றனர். கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒரு முறை சுற்றும்படி பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கை அமைந்திருக்கும். எனவே நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. கேம் பற்சக்கரத்தில் 28 பற்கள் இருந்து, தளர்ந்த செயின் அதில் ஒரு பல் தாண்டிவிட்டால், வால்வு திறக்கும் நேரம் கிராங்க் கணக்கில் சுமார் 26 டிகிரி விலகிப்போகும்; அதற்கும் மேலே தாண்டினால், திறந்து நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதி எஞ்சினே பாழாகும் ஆபத்து உண்டு.

கோவில்பட்டி, இடைசெவல், கயத்தாறு வட்டாரச் சாலைகளில் ஒரு காலத்தில் ஓடிய பெரும்பாலான இருசக்கர வண்டிகளில் இந்தச் செயினுக்கே வேலை இருந்ததில்லை. டி.வி.எஸ். 50, யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் இத்தகைய வால்வுகளோ கேம் தண்டோ கிடையாது. பழைய புல்லட்டில் வால்வுகளைப் பற்சக்கரங்களும் தள்ளுதண்டுகளும் இயக்கின. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வண்டியும் அதன் வழியில் வந்த ஸ்ப்ளெண்டர் முதலானவையும்தான் சிலிண்டர் தலைக்குள் கேம் சுழலும் எஞ்சினைச் சிற்றூர்கள் வரை கொண்டு சேர்த்தன. பெட்ரோலை நிரப்பி, மூடி, மறந்துவிடலாம் என்ற பொருளில் அந்த வண்டிக்குச் செய்யப்பட்ட விளம்பரம் எரிபொருள் சிக்கனத்தைப் பற்றியது என்றாலும், எஞ்சினுக்குள் இருக்கும் டென்ஷனர் என்ற உறுப்பின் இயல்புக்கும் அது பொருந்துகிறது. ஏனெனில் செயினின் தளர்வை அவ்வப்போது தானாகவே எடுத்துக்கொண்டு, உரிமையாளருக்கு அப்படி ஒரு செயின் இருப்பதையே நினைவூட்டாமல் வைத்திருப்பதே தானியங்கி டென்ஷனரின் வேலை.

செயினின் இரு பக்கங்களில் கேமை இழுத்துச் சுழற்றும் பக்கம் எப்போதும் விறைப்பாக நிற்க, தளர்ந்து திரும்பும் பக்கத்தில் வளைந்த ஒரு பட்டை செயினை அணைத்து நிற்கிறது. அந்தப் பட்டையைப் பின்னாலிருந்து தள்ளும் உறுப்பே டென்ஷனர். ஸ்பிரிங்கினால் தள்ளுவது, ஸ்பிரிங்கோடு பின்வாங்காத பல்வரிசை கொண்டது, எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தால் தள்ளுவது எனத் தானியங்கி வகை பலவாக இருக்கிறது. கைமுறை டென்ஷனரில் இவை ஏதும் இல்லை. ஒரு தாங்கி, அதில் மரையிட்ட ஒரு போல்ட், அந்தப் போல்ட் நகராமல் பிடிக்கும் ஒரு லாக் நட் ஆகியவை மட்டுமே உள்ளன. ஸ்பிரிங் சோர்வதோ பல்வரிசை தேய்வதோ இதில் நேராது என்பதால், பந்தய வண்டிகளிலும், தானியங்கி டென்ஷனர் அடிக்கடி பழுதாகும் சில பெரிய எஞ்சின்களிலும் இது விரும்பிப் பொருத்தப்படுகிறது. ஆனால் செயின் தேயும்போது இந்தப் போல்ட் தானாக முன்னேறாது. அதை முன்னேற்றும் பொறுப்பு முழுவதும் மனிதனிடம் வந்துவிடுகிறது.

இறுக்கம் எவ்வளவு என்ற கேள்வியில்தான் பலர் தவறுகின்றனர். மாவு மில்லின் பெல்ட்டைத் தொய்வாக விட்டால் வழுக்குவதும், அளவுக்கு மீறி இழுத்தால் பேரிங்கைத் தின்றுவிடுவதும் போன்ற நிலைதான் இங்கும் என்றாலும், எஞ்சினுக்குள் வெப்பம் என்ற இன்னொரு கணக்கும் சேர்கிறது. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், அலுமினியச் சிலிண்டர் சூடேறி நீளும்போது எஃகுச் செயின் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் இறுகுகிறது. கிராங்குக்கும் கேமுக்கும் இடையே 200 மி.மீ. தூரமும், 80 டிகிரி செல்சியஸ் வெப்ப உயர்வும் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தூரம் செயினைவிடச் சுமார் 0.18 மி.மீ. கூடுதலாக நீள்கிறது, செயின் போய்த் திரும்புவதால் மொத்த வேறுபாடு 0.35 மி.மீ. வரை ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த அளவுதான், 200 மி.மீ. நீளமுள்ள ஒரு பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் 5 முதல் 6 மி.மீ. வரை தெரியும் தொய்வாக வெளிப்படுகிறது. ஆகவே ஆறிய எஞ்சினில் செயினில் சிறிது தொய்வு இருப்பது குறையன்று. அங்கே தொய்வே இல்லாதபடி திருகிவிட்டால், ஓடிச் சூடேறிய பின் செயினும் பட்டையும் கேம் தாங்கும் இடங்களும் ஓயாத அழுத்தத்தில் தேயத் தொடங்கும்.

பொருத்தும் வேலை ஆறிய எஞ்சினில், வெளிப்புறத் துப்புரவோடு தொடங்க வேண்டும். கரிசல் மண் கோடையில் நுண்தூளாகப் பறந்து ஆயில் கசிவுள்ள இடங்களில் படிவதும், ஐப்பசி, கார்த்திகை மழையில் பிசினாக ஒட்டிக் காய்வதும் இந்த வட்டாரத்தில் வழக்கம் என்பதால், டென்ஷனரின் இரு போல்ட்டுகளைச் சுற்றியுள்ள அழுக்கை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு முற்றிலும் நீக்காமல் கழற்றினால், திறக்கும் துளை வழியாகவே மணல் துகள் ஆயிலுக்குள் போய்ச் சேரும். பிறகு மேக்னட் சக்கரத்தில் உள்ள டி என்ற குறியை மூடியில் உள்ள கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, பிஸ்டன் உச்சியிலும் இரு வால்வுகளும் மூடிய நிலையிலும் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். பழைய டென்ஷனரின் ஸ்பிரிங் விசையை முதலில் தளர்த்திவிட்டு, இரு போல்ட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகக் கழற்றுவது முறை. டென்ஷனர் வெளியே இருக்கும் நேரத்தில் கிராங்கைச் சுற்றுவதோ கிக்கரை மிதிப்பதோ கூடாது. அப்போது செயினைப் பற்களில் அமர்த்திப் பிடிக்க எதுவும் இல்லை.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்துப் புதிய கேஸ்கட் வைத்து, புதிய டென்ஷனரை அதன் போல்ட் முழுதும் பின்வாங்கிய நிலையில் பொருத்த வேண்டும். அலுமினியத்தில் வெட்டிய மரை எளிதில் கெட்டுவிடும் என்பதால், தாங்கியின் போல்ட்டுகளில் முரட்டுப் பலம் வேண்டியதில்லை. அதன் பின் நடுப்போல்ட்டை ஸ்பேனர் இல்லாமல் விரலால் மட்டும் திருகி, முனை பட்டையைத் தொட்டதும் நிறுத்தி, எஞ்சின் ஓடும் திசையிலேயே கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றினால், செயினின் தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வந்து சேரும். எங்காவது தடை தென்பட்டால் பலம் கொடுக்காமல் நிறுத்தி டைமிங்கைச் சரிபார்க்க வேண்டும். தடை இல்லையெனில் மீண்டும் விரலால் தொடும்வரை திருகிக் கால் சுற்று பின்வாங்கி லாக் நட்டை இறுக்கலாம். 8 மி.மீ. போல்ட்டின் வழக்கமான மரையில் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. நகர்வு என்பதால், கால் சுற்று என்பது வெறும் 0.3 மி.மீ. தான். லாக் நட்டை இறுக்கும்போது நடுப்போல்ட்டும் கூடவே சுழன்றுவிடாமல் இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்வது அவசியம்.

இறுதிச் சரிசெய்தல் காதால் செய்யப்படுவது. டாப்பட் இடைவெளியை முன்பே சரியாக வைத்திருந்தால், அதன் டக்டக் ஓசை குறுக்கிடாது. நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையைச் சிலிண்டரின் செயின் பக்கத்தில் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்தால், தளர்ந்த செயின் பட்டையில் அடிக்கும் கரகரப்பு, குறிப்பாக ஆக்சிலேட்டரை விடும்போது, தெளிவாகக் கேட்கும். சூடேறிய எஞ்சினில் அந்தக் கரகரப்பு மெல்லக் கேட்கத் தொடங்கும் இடத்தைக் கண்டு, அது மறையும் வரை மட்டும் போல்ட்டை உள்ளே திருகி நிறுத்துவதே சரியான நிலை. கரகரப்புக்குப் பதிலாக வேகத்தோடு உயரும் விர்ரென்ற ஒலி கேட்டால் செயின் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். காலையில் முதல் உதைக்குச் சில நொடிகள் லேசான ஓசை எழுந்து அடங்கினால் அஞ்ச வேண்டியதில்லை.

இவ்வளவு பாடும் எல்லா வண்டிக்கும் தேவையில்லை. அன்றாடம் வயலுக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போய்வரும் 100 சி.சி. வண்டியில் செயின் சத்தம் எழுந்தால், ஆயிலின் அளவையும் பழமையையும் முதலில் பார்ப்பதும், ஏர் ஃபில்டரின் விளிம்பில் தூசி நுழையும் இடைவெளி உண்டா என்று பார்ப்பதும், பின் தேய்ந்த செயினையும் பட்டையையும் தானியங்கி டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுவதும் போதுமானவை. ஏர் ஃபில்டரைத் தாண்டிய தூசியில் உள்ள கடினமான துகள்கள் ஆயிலில் கலந்து செயினின் ஒவ்வொரு கண்ணியையும் அரைக்கின்றன. 90 கண்ணிகள் கொண்ட செயினில் கண்ணிக்கு 0.01 மி.மீ. தேய்ந்தாலே செயின் 0.9 மி.மீ. நீண்டுவிடும். அந்த நீட்சியால் எழும் தொய்வை எந்த டென்ஷனரும் மறைக்கலாம். ஆனால் இழுக்கும் பக்கம் நீண்டதால் வால்வு தாமதமாகத் திறப்பதை அது திருத்தாது.

கைமுறை டென்ஷனரின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தானியங்கி டென்ஷனர் தேய்மானத்தை உள்ளுக்குள் விழுங்கிவிட, கைமுறைப் போல்ட் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அந்தத் தேய்மானத்தை வெளியே அளக்கத்தக்க நீளமாகக் காட்டுகிறது. பொருத்திய அன்று லாக் நட்டுக்கு வெளியே நிற்கும் போல்ட்டின் நீளத்தை அளந்து, ஓடிய கிலோமீட்டரோடு குறித்துவைத்து, ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் ஓசையைக் கேட்டு, தேவைப்பட்டால் திருகி, புதிய நீளத்தையும் குறித்துவருபவருக்கு, செயினை எப்போது மாற்ற வேண்டும் என்பது அது அறுவதற்கோ பல் தாண்டுவதற்கோ வெகு முன்பே தெரிந்துவிடும். அப்படிக் குறித்துவைக்கும் பழக்கம் இல்லாதவரின் வண்டிக்குத் தானியங்கி டென்ஷனரே பாதுகாப்பானது.