எலைசாவின் குரல் யாருடையது?

லண்டன் வீதியோரத்தில் பூ விற்கும் ஏழைப் பெண் எலைசா. அவளது கொச்சைப் பேச்சைக் கேட்ட ஒலியியல் பேராசிரியர் ஹிகின்ஸ், ஆறு மாதத்தில் அவளைச் சீமாட்டி போலப் பேசவைப்பதாகப் பந்தயம் கட்டுகிறார். இதுவே ‘மை ஃபெயார் லேடி’யின் கதை.

ஜோர்ஜ் பெர்னாட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தைத் தழுவிய இக்கதை, 1956இல் நியூயோர்க்கில் இசை நாடகமாக மேடையேறியது. 1964இல் திரைப்படமாகி எட்டு ஒஸ்கார் விருதுகளை வென்றது.

எனக்கு இசை ஞானம் கிடையாது. பொழுதுபோக்காகவே படத்தைப் பார்த்தேன். ஆனால் எலைசா பேசும் குரலும் பாடும் குரலும் ஒன்றல்ல என்பது எனக்கே புரிந்தது. ஏன் இப்படி?

மேடையில் நடிப்பவரே பாடவேண்டும். அங்கே எலைசாவாக நடித்துப் பாடியவர் ஜூலி அன்ட்ரூஸ். அவர் அதுவரை திரைப்படத்தில் நடித்ததில்லை என்பதால், தயாரிப்பாளர் ஜாக் வோர்னர் புகழ்பெற்ற ஒட்ரி ஹெப்பேர்னைத் தெரிவுசெய்தார். திரைப்படத்தில் ஒருவர் பாடிப் பதிவுசெய்ததற்கு இன்னொருவர் வாயசைக்கலாம் அல்லவா? ஹெப்பேர்ன் பயிற்சி பெற்றுப் பாடியபோதும், பெரும்பாலான பாடல்களில் மார்னி நிக்சன் என்ற பாடகியின் குரலே சேர்க்கப்பட்டது.

ஹிகின்ஸாக நடித்த ரெக்ஸ் ஹரிசனின் நிலை வேறு. பேசுவது போலப் பாடும் அவர், முன்கூட்டிப் பதிவுசெய்ய மறுத்தார். அவருக்காகக் கழுத்துப்பட்டிக்குள் ஒலிவாங்கியை மறைத்துவைத்துப் படப்பிடிப்பிலேயே பதிவுசெய்தார்கள்.

படத்தில் ஒரு காட்சி என் மனதை விட்டு அகலவில்லை. பெரிய விருந்தொன்றில் எலைசா சீமாட்டியாகவே பேசி வெற்றி பெறுகிறாள். வீடு திரும்பியதும் எல்லோரும் ஹிகின்ஸையே பாராட்டுகிறார்கள். உழைத்தவள் ஒரு மூலையில் மௌனமாக நிற்கிறாள். அந்த அநீதியைக் காட்டிய படத்தின் பெயர்ப் பட்டியலில் மார்னி நிக்சனின் பெயர் இல்லை!

இன்னொருவருக்காகப் பாடுவது குற்றமல்ல. பாடியவரின் பெயரை மறைப்பதே குற்றம். மறுவருடம் வெளிவந்த ‘த சவுண்ட் ஒஃப் மியூசிக்’ படத்தில் நிக்சன் கன்னியாஸ்திரிகளுள் ஒருவராகத் திரையில் தோன்றிப் பாடினார். அந்தக் குரலுக்கு அப்போதுதான் ஒரு முகம் கிடைத்தது.

அழகாகப் பேசக் கற்றுக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் பேசுபவளின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்போதே அக்குரல் அவளுக்குச் சொந்தமாகிறது.