டி.வி. பூட்டிக்கா, பேரனுக்கா?

எங்கள் ஊர் பாஞ்சாலங்குறிச்சி. பெயரைச் சொன்னதுமே எல்லோருக்கும் கட்டபொம்மன் ஞாபகம்தான் வரும். 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். அந்தக் கோட்டைக்கு நாலு தெரு தள்ளி, என் வீட்டுக்குள்ளே ஆறு மாதமாக நடந்த ஒரு சண்டையைப் பற்றித்தான் இங்கே எழுத வந்திருக்கிறேன். இதில் வாளும் இல்லை, வேலும் இல்லை. டி.வி. ரிமோட் ஒன்றுதான் ஆயுதம்.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நானும் என் வீட்டுக்காரரும், எழுபத்தாறு வயதான என் மாமியார், மகள், மகளின் பிள்ளை. மாப்பிள்ளை மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனதிலிருந்து மகள் எங்களோடுதான் இருக்கிறாள். பேரனுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து ஒரு மாதம். துறுதுறுவென்று ஓடுவான், ஆட்டுக்குட்டியைக் கண்டால் சிரிப்பான். ஆனால் பேச்சுத்தான் வரவில்லை. ‘ம்ம்’ என்பான், கையைப் பிடித்து இழுப்பான், அவ்வளவுதான்.

“ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும் தாயி. உன் வீட்டுக்காரன் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்” என்று அத்தை சொல்வார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இதைப் படிக்கிற இளம் தாய்மார்கள் இந்த ஒரு விஷயத்தில் என்னைப் போல இருந்துவிடாதீர்கள்.

பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது எப்படி என்று கேட்கிறீர்களா? டி.வி.க்கு முன்னால்தான். நாடகம் ஓடும்போது திரும்பியும் பார்க்க மாட்டான். விளம்பரம் வந்தால் போதும், ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுவான். அந்த நேரம் பார்த்து வாய்க்குள் ஒரு உருண்டை. விளம்பரம் முடிவதற்குள் நாலு உருண்டை உள்ளே போய்விடும். “சமர்த்துப் பிள்ளை, அடம் பிடிக்காமச் சாப்பிடுறான்” என்று நாங்களே மெச்சிக்கொள்வோம்.

தூத்துக்குடியில் குழந்தைகள் டாக்டர் அம்மாவிடம் சளிக்குக் காட்டப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் பிள்ளைக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. “வேணும்ங்கிறதை விரலை நீட்டிக் காட்டுவானா? டாட்டா காட்டுவானா? எத்தனை வார்த்தை சொல்வான்?” என்று வரிசையாகக் கேட்டார்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதனை செய்யச் சொன்னார்கள். செய்தோம். காது நன்றாகவே கேட்கிறது. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

“வீட்ல டி.வி. எத்தனை மணி நேரம் ஓடுது?”

“ரெண்டு, மூணு மணி நேரம் ஓடும்மா” என்றேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, பால் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு நாள் முழுக்கக் குறித்து வைத்தேன். காலையில் பக்திப் பாட்டு, பதினொரு மணிக்கு மறு ஒளிபரப்பு, மத்தியானச் சாப்பாட்டோடு தொடங்கும் தொடர்கள், சாயங்காலம் கொஞ்சம் ஓய்வு, ஆறரைக்கு மேல் பத்தரை வரை விடாமல். கூட்டிப் பார்த்தால் ஒன்பதரை மணி நேரம்! பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்தப் பெட்டியின் சத்தத்தில்தான் கழிந்திருக்கிறது.

டாக்டர் அம்மா விளக்கியது எனக்கு நன்றாகப் புரிந்தது. பிள்ளை ஒரு சத்தம் போட்டால் நாம் அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு அவன் மறுபடி ஒரு சத்தம் போட வேண்டும். பேச்சு இப்படிக் கொடுக்கல் வாங்கலில்தான் வளரும். டி.வி. பேசிக்கொண்டே இருக்கும், பிள்ளைக்குப் பதில் சொல்லாது. அது மட்டுமில்லை. டி.வி. ஓடுகிற வீட்டில் பெரியவர்களும் பிள்ளையிடம் பேசுவதைக் குறைத்துவிடுகிறார்களாம். பிள்ளை பார்க்காவிட்டாலும் பின்னணியில் ஓடினாலே இந்தக் கெடுதல் உண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது: ஒரு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டு வயதிலிருந்து நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயது வரை அறவே வேண்டாம் என்கிறது. செல்போனுக்கும் இதே கணக்குத்தான்.

“எல்லாப் பழியையும் டி.வி. மேல போட்டுடாதீங்க. சில பிள்ளைகளுக்கு வேற காரணமும் இருக்கும், அதையும் பார்க்கணும். மூணு மாசம் பெட்டியை நிறுத்திட்டு, பேச்சுப் பயிற்சிக்கும் கூட்டிட்டு வாங்க” என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நிறுத்து என்று சொல்வது சுலபம். எங்கள் வீட்டில் டி.வி. அத்தையின் சொத்து!

டி.வி. பார்ப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நான் பிறந்தது வேம்பாருக்குப் பக்கத்தில் கடலோர ஊர். அங்கே தென்னை மர உயரத்துக்கு ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாகினி பார்த்து வளர்ந்தவள் நான். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ பார்க்க ஒரு வீட்டுத் திண்ணையில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்போம். 1993 சித்திரை முதல் நாள் சன் டி.வி. வந்தது. தொடக்கத்தில் நாளுக்குச் சில மணி நேரம்தான். எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குக் கேபிள் வந்து சேர மேலும் சில வருஷம் ஆயிற்று. 1999 கடைசியில் ராதிகாவின் ‘சித்தி’ தொடங்கியபோது நான் இந்த வீட்டுக்குப் புது மருமகள். மாமியாரிடம் பேசவே பயம். அந்தத் தொடரைப் பற்றிப் பேசித்தான் எங்களுக்குள் பேச்சே ஆரம்பமானது என்றால் நம்புவீர்களா? இரண்டு பேரும் ஒரே முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டு, நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்படுவோம். அதற்குப் பிறகு ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’. ‘கோலங்க’ளில் தேவயானி சொந்தமாகக் கட்டடத் தொழில் நடத்தும் பெண்ணாக வந்ததை எங்கள் தெருவில் எல்லோரும் பெருமையாகப் பேசினோம். பெப்சி உமா கட்டிவரும் சேலைக்காகவே பார்த்தவர்கள் உண்டு. விசுவின் ‘அரட்டை அரங்க’த்தில் நம்மைப் போன்ற பெண்கள் மைக்கைப் பிடித்துக் கணீரென்று பேசுவதைப் பார்த்து, ‘நாமும் பேசலாம் போலிருக்கே’ என்று எனக்கு முதல்முதலாகத் தோன்றியது. இன்று இந்தப் பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணப் பெட்டி, 14 அங்குலம், எங்கள் வீட்டுக்கும் வந்தது. அதுவரை பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்த அத்தை அன்றிலிருந்து வீட்டோடு. மாமனார் காலமான பிறகு அந்தப் பெட்டிதான் துணை. 2020-இல் ஊரடங்கு வந்து படப்பிடிப்பெல்லாம் நின்றபோது, பழையதையே திரும்பத் திரும்பப் பார்த்து நொந்துபோனார்கள். 2023 செப்டம்பரில் ‘எதிர்நீச்சல்’ மாரிமுத்து அந்தத் தொடருக்கே டப்பிங் பேசப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்த செய்தி கேட்டு, “நல்லா நடிச்சான் பாவிப்பய” என்று சொந்தக்காரர் போன மாதிரி அழுதார்கள். அன்று இரவு சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவரிடம் போய் ‘டி.வி.யை நிறுத்துங்கள்’ என்று எப்படிச் சொல்வது?

இந்த மயக்கம் நம் ஊருக்கு மட்டுமில்லை. என் தங்கை மகன் ஹங்கேரி நாட்டில் படிக்கிறான். அவனிடம் போனில் புலம்பியபோது சிரித்தான். அங்கே 1997-இல்தான் பெரிய தனியார் சேனல்கள் இரண்டு வந்தனவாம். மறு வருஷமே ‘நண்பர்களுக்குள்ளே’ என்று பொருள்படும் ஒரு தினசரித் தொடர் தொடங்கி, 2021 வரை இருபத்திரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது! நம் சரத்குமார் ‘கோடீஸ்வரன்’ நடத்திய அதே 2000-இல் அங்கேயும் அதே கேள்வி-பதில் நிகழ்ச்சி. ஆட்களை ஒரு வீட்டில் அடைத்து வேடிக்கை பார்க்கும் நிகழ்ச்சி நமக்கு ‘பிக் பாஸ்’ என்று 2017-இல் வந்தது. அந்த யோசனை ஹாலந்தில் 1999-இல் பிறந்ததாம். அதே ஜாதி நிகழ்ச்சி ஹங்கேரிக்கு நமக்கு முன்பே போய்விட்டது. “பெரியம்மா, மாவு ஒண்ணுதான். ஊருக்கு ஊரு தோசைக்கல்லு வேற” என்றான்.

அவன்தான் இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தையும் சொன்னான். நாடகத்தை நமக்கு விற்கிறார்கள் என்றுதானே நினைக்கிறோம்? உண்மையில் நம்மை, நாம் உட்கார்ந்திருக்கும் நேரத்தை, விளம்பரக்காரனுக்கு விற்கிறார்கள். அமெரிக்காவில் 1930-களில் ரேடியோ நாடகங்களுக்குச் சோப்புக் கம்பெனிகள் பணம் போட்டதால்தான் இந்த மாதிரித் தொடர்களுக்கே ‘சோப் ஓபரா’ என்று பெயர் வந்ததாம். இங்கே நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் ஒரு மீட்டர் பெட்டி வைத்து, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். அந்தப் புள்ளி ஏறினால் தொடர் நீளும், இறங்கினால் கதாநாயகிக்குத் திடீரென்று விபத்து நடக்கும், இல்லாவிட்டால் கதையே முடிந்துவிடும். மணிக்குப் பன்னிரண்டு நிமிஷம்தான் விளம்பரம் என்று விதி இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்காகத்தான் ஒரே முகத்தை மூன்று தடவை ‘டொய்ங், டொய்ங்’ என்று காட்டி, மாமியார் பாலில் எதையோ கலக்குகிற இடத்தில் ‘தொடரும்’ போடுகிறார்கள். என் பேரனை விளம்பரம் மட்டும் ஏன் ஆணி அடித்தது என்பதும் விளங்கியது. பளிச்சென்ற நிறம், சட்சட்டென்று மாறும் படம், திடீரென்று ஏறும் சத்தம். பெரியவர்களையே திருப்புவதற்காகச் செய்த சாமான், பச்சைப் பிள்ளையை விடுமா?

இனி சண்டைக்கு வருகிறேன். முதல் நாள் நான் டி.வி.யின் வயரையே பிடுங்கிவிட்டேன். அது தப்பு. அத்தை ஒன்றும் பேசவில்லை. வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மத்தியானம் சாப்பிடவில்லை, சர்க்கரை மாத்திரையும் போடவில்லை. சாயங்காலம் தலை சுற்றுகிறது என்றார்கள். “பேசாத பிள்ளைக்கு நான்தான் எமனாக்கும்” என்று ஒரு வார்த்தை சொன்னார்கள் பாருங்கள், என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போய்விட்டது. மகள் ஒரு பக்கம் அழுகிறாள், பிள்ளை சோறு வேண்டாம் என்று அலறுகிறான். இரண்டு நாள் அவன் நாலு வாய் கூடச் சாப்பிடவில்லை. பசி வந்தால் சாப்பிடுவான் என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவனாகவே தட்டில் கை வைத்தான்.

அத்தையிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த தடவை தூத்துக்குடிக்குப் போனபோது அவர்களையும் கூடவே அழைத்துப் போனேன். நான் ஆயிரம் சொன்னாலும் ஏறாதது, “பாட்டி, நீங்கதான் இவனுக்கு மருந்து. நீங்க பேசினாத்தான் இவன் பேசுவான்” என்று டாக்டர் அம்மா சொன்னதும் ஏறிவிட்டது.

இப்போது டி.வி. கூடத்தில் இல்லை. பத்தாயம் இருந்த உள் அறையைச் சுத்தம் செய்து அத்தைக்குக் கட்டில் போட்டு, பெட்டியையும் அங்கேயே வைத்துவிட்டோம். பிள்ளை தூங்கும் மத்தியான நேரத்தில் ஒரு தொடர், ராத்திரி அவன் படுத்த பிறகு இரண்டு. எந்த மூன்று என்று தேர்ந்தெடுக்க அத்தை ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் பூட்டியும் கொள்ளுப்பேரனும் திண்ணையில் இருப்பார்கள். அத்தை பருத்திக் காட்டுக் கதையெல்லாம் சொல்வார்கள், சக்கதேவி கோயில் திருவிழாவில் காணாமல் போன கம்மலைப் பற்றிச் சொல்வார்கள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பான். டாக்டர் அம்மா சொல்லிக் கொடுத்தபடி, அவன் எதையாவது பார்த்தால் உடனே அதன் பெயரைச் சொல்கிறோம். கேட்ட பொருளைச் சட்டென்று கொடுத்துவிடாமல், ஒரு சத்தமாவது போடட்டும் என்று கொஞ்சம் காத்திருக்கிறோம். ராத்திரி சமையல் கொஞ்சம் பிந்துகிறது. என் வீட்டுக்காரரும் செல்போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டிருக்கிறார். பழக்கம் இன்னும் முழுசாக வரவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு வயதில் மழலைச் சத்தமோ, கையை நீட்டிக் காட்டுவதோ இல்லாவிட்டால், ஒன்றரை வயதில் நாலைந்து வார்த்தை கூட வராவிட்டால், இரண்டு வயதில் ‘பால் தா’ என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாவிட்டால், ‘போகப் போகச் சரியாகும்’ என்று இருந்துவிடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. காதுப் பரிசோதனையை முதலில் செய்துவிடுங்கள். அங்கன்வாடியில் கேட்டால் வழி சொல்வார்கள்.

மூன்று மாதத்தில் எங்கள் பேரன் பதினோரு வார்த்தை சொல்கிறான். பால் நோட்டின் அதே கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு வார்த்தை சேர்த்து இன்னும் வரவில்லை. பயிற்சிக்கு வாரம் ஒரு முறை பஸ் ஏறுகிறோம். முதல் வார்த்தை ‘அம்மா’ என்று மகளும், ‘ஆச்சி’ என்று நானும் ஆசையாகக் காத்திருந்தோம். அவன் சொன்னது ‘பூட்டி’. அதுவும் ‘பூத்தி’ என்றுதான் வந்தது. அன்று அத்தை ராத்திரித் தொடருக்குக் கூட உள்ளே போகவில்லை.