கடல் இல்லாத ஊர்ல கப்பல் கட்டலாம் வாங்க!

திண்டுக்கல்லுக்கும் கடலுக்கும் நடுவுல 100 கிலோமீட்டருக்கு மேல இடைவெளி. இங்க உட்கார்ந்து கப்பல் கட்டுறதான்னு சிரிக்கிறீங்களா? தாராளமா சிரிங்க பாஸ். நாம கட்டப் போறது முழங்கை நீளத்துக்கு ஒரு மரக் கப்பல். அதுக்குக் கடல் வேணாம், ஹாஸ்டல் மேஜை போதும்!

மரத்துல மாடல் கப்பல் செய்றது ஐரோப்பாவுல ரொம்பப் பழைய ஹாபி. பாகம் பாகமா வெட்டி, வரைபடத்தோட பெட்டியில போட்டு விக்கிறாங்க. பெட்டியைப் பிரிச்சா பெரும்பாலும் அவங்க ஊர்க் கப்பல்தான். பிரிட்டிஷ்காரங்களோட ‘விக்டரி’ 1765-ல் தண்ணியில இறங்கினது. இன்னிக்கும் அதுக்கு விதவிதமா கிட் இருக்கு. நம்ம ஊர்க் கப்பலுக்கு? தேடிப் பாருங்க, சிக்குறது கஷ்டம். காரணம், நம்ம பழைய கப்பல்களுக்குக் காகிதத்துல வரைபடம் கிடையாது. கணக்கு எல்லாம் மேஸ்திரியோட கையிலயும் கண்ணுலயும்தான் இருந்துச்சு. மேஸ்திரி போனா கப்பலும் போச்சு.

இந்தச் சிக்கல்ல இந்தியக் கடற்படையே மாட்டியிருக்கு, தெரியுமா? அஜந்தா குகையில 5-ம் நூற்றாண்டு ஓவியம் ஒண்ணுல ஒரு கப்பல் இருக்கு. அதைப் பார்த்து, ஆணி அடிக்காம பலகைகளைத் தென்னை நார்க் கயித்தால தச்சு, ஒரு நிஜக் கப்பல் கட்டணும்னு 2023-ல் இறங்கினாங்க. கையில ஓவியம் மட்டும்தான், ப்ளூ பிரிண்ட் இல்லை. கோவாவுல கேரளத்துக் கைவினைஞர்கள் தைக்க, டிசைன் சரியான்னு பார்க்க சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையோட சேர்ந்து மாடல் வெச்சு டெஸ்ட் பண்ணினாங்க. அப்படி உருவானதுதான் ‘ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா’. 2025 மே மாசம் கார்வார்ல கடற்படையில சேர்ந்துச்சு. அதே டிசம்பர்ல போர்பந்தர்ல கிளம்பி, 2026 ஜனவரியில மஸ்கட் போய்ச் சேர்ந்த கப்பல் அது!

சின்ன மாடலை வெச்சு பெரிய கப்பலை எப்படி எடை போடுறது? 1870-கள்ல வில்லியம் ஃப்ரூடுங்கிற இங்கிலாந்து இன்ஜினீயர் கண்டுபிடிச்ச வழி அது. நீளம் 25-ல ஒரு பங்குன்னா, மாடலை 5-ல ஒரு பங்கு வேகத்துல இழுக்கணும். அப்பத்தான் அலை எழும்புற விதம் ஒத்துப் போகும். நம்ம செமஸ்டர்ல ‘ஃப்ரூட் நம்பர்’னு மனப்பாடம் பண்ணித் தொலைச்சோமே, சாட்சாத் அதேதான்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் முயற்சியிலயே விக்டரி வேணாம். ஒத்தப் பாய்மரம் வெச்ச வள்ளம் போதும். அடியில முதுகெலும்பு மாதிரி ஓடுற கட்டைக்கு ஏரான்னு பேரு. அதுக்கு மேல விலா எலும்பா நிக்கிறது வங்கு. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். ஏராவும் வங்கும் ப்ளைவுட்ல அறுத்துக்கலாம். அராவுறதுக்கு நம்ம ஊர்ல ஆள் தேடணுமா என்ன? பூட்டு ஊரு இது! கையாலயே அராவிச் செய்ற திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. நாகல் நகர் பட்டறைப் பக்கம் போய், அரத்தை எப்படிப் பிடிக்கணும்னு ஒரு அண்ணன்கிட்ட கேளுங்க. எந்த வீடியோவும் அந்த அளவுக்குச் சொல்லித் தராது.

நிஜமான ஆட்டம் பலகை ஒட்டுறதுலதான். கப்பல் நடுவுல குண்டு, முனையில ஒல்லி. நடு வங்குல ஒரு பக்கத்துச் சுற்றளவு 10 செ.மீ.ன்னு வைங்க. 5 மி.மீ. அகலப் பட்டைன்னா 20 பட்டை வேணும். அணியத்துல அளந்தா வெறும் 5 செ.மீ.தான் வருது. அங்கேயும் அதே 20 பட்டை அடங்கணுமே! அதனால ஒவ்வொரு பட்டையையும் முனையில 2.5 மி.மீ. ஆகுற மாதிரி சீவணும். இதைச் சீவாம ஒட்டுறவங்க கப்பல்தான் பாதியில மூக்கு வீங்கி நிக்கும். பட்டை வளையலைன்னா வெந்நீர்ல ஊற வெச்சு மெதுவா வளைங்க. ஒட்டினதும் துணி கிளிப் மாட்டிட்டு, தூங்கப் போயிடுங்க. இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ஒட்டணும். ஒரே பக்கமா ஒட்டிட்டே போனா ஏரா கோணிக்கும். கடைசியா உப்புத்தாள்.

கௌண்டின்யா மாதிரி தச்ச கப்பல்ல கதை தலைகீழ். பலகையைத் தச்சு ஓட்டை முதல்ல உருவாக்கிட்டு, வங்கை அப்புறம்தான் உள்ள வைப்பாங்க. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச முறை. ஆனா ரெண்டாவது, மூணாவது கப்பலுக்கு வெச்சுக்கலாம்.

வள்ளம் முடிஞ்சு கை ஊறுதா? யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில கட்டின ‘அன்னபூரணி’ காத்திருக்கு. தமிழ் மாலுமிகள் பாய் விரிச்சே ஓட்டிட்டுப் போய், 1938-ல் அமெரிக்காவோட குளோஸ்டர் துறைமுகத்துல சேர்த்தாங்க. நீளம் 89 அடி. 72-ல ஒரு பங்குன்னு போட்டா 38 செ.மீ.க்குள்ள அடங்கிடும். அதையும் கிட் வாங்கிச் செய்யலாம்னு பார்க்காதீங்க. பழைய போட்டோக்களைப் பக்கத்துல வெச்சு, ஸ்கேலால அளந்து, வரைபடத்தை நீங்கதான் வரையணும். இன்ஜினீயரிங் டிராயிங் ஷீட் மிச்சம் இருக்கா?