அடித்த கைக்கும் விலங்கு உண்டா?

சென்ற வாரம் 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த கதையைப் பார்த்தோம். இந்த வாரம் அதற்கும் முந்திய காலத்துக்கு, உரும்பிராய்க்குப் போவோம்.

தமிழ் ஆயுதப் போராட்டத்தின் முன்னோடிகளில் ஒருவரான பொன். சிவகுமாரனின் சிலை நிற்கும் ஊர் அது. பிரதி அமைச்சர் சோமவீர சந்திரசிறியின் காருக்குக் குண்டு வைத்தார் என்று 1970இல் அவரைப் பிடித்தார்கள். பிறகும் பிடித்தார்கள். பொலிஸ் காவலில் அவர் பட்ட வதையைக் கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இனி உயிரோடு அகப்படுவதில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தது அதன் பிறகுதான். 1974 ஜூன் 5, கோப்பாயில் பொலிசார் சுற்றி வளைத்தபோது சயனைட் அருந்தி இறந்தார். வயது 23.

குண்டு வைத்தவரை விசாரிக்க நீதிமன்றம் இருந்தது. அடித்து வாக்குமூலம் வாங்குவதும் அன்றைய தண்டனைச் சட்டக்கோவையில் குற்றமே. அந்தச் சட்டத்தைத் தன் பொலிசார் மீது பிரயோகிக்க அரசுக்கு மனம் வரவில்லை. அந்தத் தலைமுறை சட்டத்தில் நம்பிக்கை இழந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம். பின்னாளில் தமிழ் ஆயுத இயக்கங்களும் வதைமுகாம்கள் நடத்தின, அதையும் மறைக்கக்கூடாது.

1994இல் 22ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டம் வந்தது. குறைந்தது 7 ஆண்டு, கூடியது 10 ஆண்டு சிறை. யுத்தம் நடந்தது, மேலதிகாரி சொன்னார் என்ற சாட்டுகள் அங்கே செல்லாது. அருமையான சட்டம். ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலம் இன்னும் சாட்சியமாகிறது. அடித்து வாங்கியது என்று நிரூபிக்கும் சுமை அடிபட்டவர் தலையில். ஒரு கையால் தடுத்ததை மறு கையால் வளர்க்கிறார்கள்.

வழக்குப் போட்டால் நாடு குழம்பிவிடும், பொலிசார் சோர்ந்துவிடுவார்கள் என்பவர்கள் உரும்பிராய்க்கு அயலிலுள்ள சுன்னாகத்தைப் பார்க்கட்டும். 2011இல் அங்குள்ள பொலிஸ் நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்ட இளைஞர் ஒருவரின் உடல் இரணைமடுக் குளத்தில் கிடைத்தது. அந்த வழக்கில் 2017இல் யாழ். மேல் நீதிமன்றத்தில் நீதிபதி மா. இளஞ்செழியன், சித்திரவதைக் குற்றத்துக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர்களைச் சிறைக்கு அனுப்பினார். நாடு ஒன்றும் குலைந்துவிடவில்லை. 'பொலிஸ் அடிச்சால் ஆரிட்டைப் போறது?' என்று கேட்ட சனத்துக்கு அன்று ஒரு பதில் கிடைத்தது.

மேலே போகப் போகத்தான் கை நடுங்குகிறது. 2023 டிசம்பரில், பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சித்திரவதைக்கு தேசபந்து தென்னக்கோன் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 5 லட்சம் ரூபாயைத் தன் பணத்திலிருந்து கொடுக்கச் சொன்னது. அப்போது அவர் பதில் பொலிஸ்மா அதிபர். அடுத்த பெப்ரவரியில் அவரையே நிரந்தரப் பொலிஸ்மா அதிபராக்கினார் ஜனாதிபதி. நாடாளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்க 2025 ஆகஸ்ட் வரை சென்றது.

நட்டஈடு தண்டனை ஆகாது. வழக்குத் தாக்கல் செய்வதா இல்லையா என்ற முடிவு அரசின் சட்டத்தரணியான சட்டமா அதிபர் கையில் இருக்கும்வரை பெரிய அதிகாரிகள் கூண்டேறுவது அரிது. அரச அதிகாரிகளின் குற்றங்களுக்கெனச் சுயாதீனமான வழக்குத் தொடுநர் அலுவலகம் வேண்டும்.

அதுவரைக்கும் ஒன்று. உங்கள் பிள்ளை காவலில் அடிபட்டால், காயம் ஆறுமுன் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் உடனே முறையிடுங்கள். அடிப்படை உரிமை வழக்குக்குச் சட்டம் தரும் தவணை ஒரே ஒரு மாதம்.