விசுவாசம் என்றொரு சொல்



நான் சைவன், தமிழ் படிப்பிப்பவன். கிறிஸ்தவ மறையைப் பற்றிப் பேச எனக்கென்ன உரிமை என நீங்கள் கேட்கலாம். நல்லூர் ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். அது 1850இல் அச்சேறியது. அந்தத் துணிவில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: விசுவாசம்.

ஓமந்தையிலே என் மாணவனொருவனின் தாய் கத்தோலிக்கர். மூத்த மகன் 2009இல் போர் முடிந்த நாட்களில் காணாமற் போனவன். ஒருநாள் அவர் கேட்டார்: "பிள்ளை உயிரோடை இருக்கிறான் எண்டு சில நாளிலை நம்பேலாமல் கிடக்குது, சேர். அப்ப எனக்கு விசுவாசம் இல்லையோ?"

யூதரின் எபிரேய மொழியில் விசுவாசத்துக்கு வழங்கும் சொல் 'எமுனா'. 'ஆமென்' என்பதும் அதே வேரில் பிறந்ததே. உறுதி என்பது அடிப்படைப் பொருள். யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்திலே, போர் நடக்கையில் மோசேயின் கைகள் தளர்கின்றன. ஆரோனும் ஊர் என்பவரும் இருபுறமும் தாங்கிப் பிடிக்கிறார்கள். பொழுது சாயும்வரை கைகள் அசையாது நிற்கின்றன. அந்த அசையாமைக்கு மூலநூல் வழங்கும் சொல் எமுனா.

யூத சிந்தனையாளர் மார்ட்டின் பூபர், 1950இல் வெளியிட்ட நூலொன்றில் நம்பிக்கையை இருவகையாகப் பிரித்தார். ஒருவரை நம்பி அவரோடு நிற்பது ஒன்று. ஒரு செய்தியை உண்மையென ஏற்பது மற்றொன்று. முன்னதை எமுனா என்றும், பின்னதைப் பவுலின் கிரேக்கச் சொல்லான 'பிஸ்திஸ்' என்றும் கண்டார். இயேசுவை அவர் முதல் வகையிலேயே வைத்தார். பிஸ்திஸிலும் பற்றுறுதி உண்டெனக் கிறிஸ்தவ அறிஞர் மறுத்ததுமுண்டு. ஆயினும் அந்த விவாதம் கிறிஸ்தவருக்கு ஒன்றை நினைவூட்டியது: ஐயம் வந்த நாளிலும் உறவு அறுந்துவிடுவதில்லை.

1995இல் வந்த திருவிவிலியம் 'நம்பிக்கை' என்கிறது. பழைய மொழிபெயர்ப்புகள் 'விசுவாசம்' என்றன. நம் பேச்சிலே விசுவாசமுள்ள பிராணி நாய். அது எந்தக் கொள்கையையும் ஏற்பதில்லை. படலையடியிலே காத்துக் கிடக்கிறது. பழைய சொல் எமுனாவுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது, பாருங்கள்!

தாய்க்கு மோசேயின் கதையைச் சொன்னேன். கை தளர்வது விசுவாசம் இல்லாமையன்று; ஒருவர் தளரும்போது மற்றவர் தாங்கலாம் என்றேன்.

வவுனியாவில் 2017இல் தொடங்கிய உறவுகளின் போராட்டப் பந்தலிலே பல நாள் இருந்தவர் அவர். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அங்கை பக்கத்திலை இருந்த சனம்தான் சேர், என்ரை கையைப் பிடிச்சது."