சீனியும் பூஞ்சணமும்
இரத்தப் புற்றுநோயாளர் உள்ள வீட்டார் அறிந்திருக்க வேண்டியவை

பூஞ்சணம் எமது மக்களுக்குப் புதிய பொருளல்ல. வெள்ளம் வடிந்த வீட்டின் சுவரிலும், நனைந்த நெல்மூடையின் அடியிலும், மக்கிய வைக்கோலிலும், பழைய பாணிலும் அதைக் காண்கிறோம். 2011 தை மாத வெள்ளத்தின் பின்னும் 2024 கார்த்திகை வெள்ளத்தின் பின்னும் வீடு திரும்பியவர்கள் முதலில் செய்த வேலையே பாயையும் தலையணையையும் வெயிலில் போட்டதுதான். பூஞ்சணத்தின் வித்துக்கள் கண்ணுக்குத் தெரியாத தூசியாகக் காற்றில் மிதக்கின்றன. நாம் எல்லோரும் நாள்தோறும் அவற்றைச் சுவாசிக்கிறோம். உடலில் காவல் இருப்பதால் எமக்கு ஒன்றும் ஆவதில்லை.

அந்தக் காவல் குலைந்தவர்களில் முதல் வரிசையில் இருப்பவர்கள் இரத்தப் புற்றுநோயாளர்கள். அவர்களுக்கு இரத்தத்தில் சீனியும் கூடிவிட்டால் ஆபத்து இன்னும் அதிகமாகிறது. இதைத் தெரிந்து வைத்திருந்தால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

காவலர் இல்லாத வளவு

குருதி எமது எலும்புகளின் உள்ளே உள்ள மச்சையில் உற்பத்தியாகிறது. இரத்தப் புற்றுநோயில் அங்கே கெட்ட கலங்கள் களைபோலப் பெருகி, நல்ல பயிருக்கு இடமில்லாமற் செய்துவிடுகின்றன. களையை அழிக்கக் கொடுக்கும் மருந்து சில வாரங்களுக்கு நல்ல வெண்குருதிக் கலங்களையும் சேர்த்தே குறைத்துவிடும். கிருமியையும் பூஞ்சணத்தையும் பிடித்து அழிப்பவை அந்தக் கலங்களே. அவை மிகக் குறைந்திருக்கும் நாட்களில் சுவாசத்தோடு போன வித்து நுரையீரலிலோ மூக்கின் உட்பகுதியிலோ முளைக்கத் தொடங்குகிறது. இவர்களிடம் அதிகம் காணப்படுவது அஸ்பேர்ஜிலஸ் என்னும் பூஞ்சணம். அதைவிட அரிதானது, ஆனால் மிக வேகமானது, மியூக்கோர் இனத்தைச் சேர்ந்தது. 'கறுப்புப் பூஞ்சணம்' என்று மக்கள் சொல்வது இதைத்தான்.

சீனி எங்கிருந்து வந்தது?

"இவருக்கு முன்பு சீனி வருத்தம் இருக்கவில்லையே" என்று வீட்டார் வியப்பதுண்டு. அது உண்மையாக இருக்கலாம். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோன், டெக்சாமெதசோன் போன்ற ஸ்ரெரோயிட் மருந்துகள் சீனியை உயர்த்துகின்றன. சிலவகை இரத்தப் புற்றுநோய்க்கு இவற்றோடு கொடுக்கப்படும் அஸ்பராஜினேஸ் என்ற ஊசியும் அவ்வாறே செய்யும். சிறு பிள்ளைகளுக்குக்கூடச் சீனி கூடலாம்.

சீனி கூடினால் எஞ்சியிருக்கும் வெண்குருதிக் கலங்களும் சோர்ந்துவிடுகின்றன. கிருமி இருக்கும் இடத்துக்கு அவை விரைந்து செல்வதில்லை. சென்றாலும் சரியாகக் கொல்வதில்லை. சீனி மிகவும் கூடி இரத்தத்தில் அமிலம் சேர்ந்தால், குருதியில் கட்டுண்டிருக்கும் இரும்புச்சத்து விடுபடுகிறது. மியூக்கோர் பூஞ்சணத்துக்கு அதுவே பசளை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 278 வளர்ந்தோரைப் பற்றிய ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. சிகிச்சையின் முதல் மாதத்திலேயே அவர்களில் 37 வீதமானோருக்குச் சீனி 200 மில்லிகிராமுக்கு மேல் ஏறியிருந்தது. மற்றவர்களைவிட அவர்களுக்கே கடுமையான தொற்றுக்கள் கூடுதலாக ஏற்பட்டன. உயிரோடு இருந்த காலமும் குறைவாக இருந்தது.

அயல்நாட்டில் கண்ட பாடம்

சீனியும் ஸ்ரெரோயிட்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை 2021இல் இந்தியா கண்டது. கொரோனா நோயின் இரண்டாவது அலையோடு கறுப்புப் பூஞ்சணமும் பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அதனைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. யூன் மாத இறுதிவரை இந்தியா முழுவதும் 40,845 பேர் பாதிக்கப்பட்டிருந்தனர்; 3,129 பேர் இறந்திருந்தனர். நோயாளரில் 64 வீதமானோர் நீரிழிவுள்ளவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் ஸ்ரெரோயிட் எடுத்தவர்கள். இவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருக்கவில்லை. அப்படியானால் வெண்குருதிக் கலங்களும் குறைந்துபோன ஒருவரின் நிலை என்னவென்று எண்ணிப் பாருங்கள்.

எப்போது உடனே புறப்பட வேண்டும்?

கீழ்வருவனவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

• 38 பாகை சென்ரிகிறேட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், அல்லது குளிர் நடுக்கம்.
• முகத்தின் ஒரு பக்கத்தில் நோ, வீக்கம், விறைப்பு.
• மூக்கடைப்பு, மூக்கிலிருந்து கறுப்பாகவோ இரத்தம் கலந்தோ வடிதல்.
• அண்ணத்தில் கறுப்புப் புள்ளி, பல் ஆடுதல்.
• கண் வீக்கம், இமை தொங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல்.
• நெஞ்சு நோ, மூச்சு வாங்குதல், இருமலில் இரத்தம்.
• அடங்காத தாகம், அடிக்கடி சலம் போதல், வாந்தி, மயக்கம்.

கறுப்பு நிறம் பூஞ்சணத்தின் நிறமல்ல. அது இரத்தக் குழாய்களை அடைத்துவிடுவதால் சதை இறந்து கறுக்கிறது. கறுக்கும்வரை பார்த்திருந்தால் காலம் கடந்துவிடும். நேரத்தோடு போனால் அம்போடெரிசின் போன்ற மருந்துகள் உண்டு. தேவையானால் பழுதான பகுதியைச் சத்திரசிகிச்சையால் அகற்றுவார்கள். சீனியையும் கட்டுப்படுத்துவார்கள். வாகனம் இல்லாதவர்கள் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவுவண்டி இலவசமாக வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நோய் ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றாது. முகாமிலோ உறவினர் வீட்டிலோ நோயாளரை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

இடம்பெயர்ந்த நிலையில் செய்யக்கூடியவை

சீனிப் பரிசோதனை: ஸ்ரெரோயிட் குளிசையைக் காலையில் எடுப்பவருக்குச் சீனி பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலுமே ஏறும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் நல்ல அளவாகத் தெரியலாம். மதிய உணவுக்கு இரண்டு மணித்தியாலத்தின் பின்னும் பார்க்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

மருந்து: சீனி ஏறுகிறது என்று ஸ்ரெரோயிட்டை நீங்களாக நிறுத்த வேண்டாம், அது உயிருக்கே ஆபத்தாகலாம். நாட்டு மருந்து ஏதும் எடுத்தால் அதையும் வைத்தியருக்கு மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்சுலின்: குளிர்சாதனப் பெட்டி இல்லாத இடத்தில் இன்சுலின் போத்தலைப் பொலித்தீனில் சுற்றி, ஈரமணல் சூழ வைத்த மண்பானையில், நிழலில் வையுங்கள். ஊசிக் குழாய்களை உறை பிரிக்காமல் ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஆழிப்பேரலையின் பின்னர் 2005இல், சேமித்து வைத்த இடத்தில் பூஞ்சணம் பிடித்த ஊசிக் குழாய்களால், சிசேரியன் சத்திரசிகிச்சைக்காக முதுகில் விறைப்பூசி போடப்பட்ட ஐந்து தாய்மாருக்கு மூளைக்காய்ச்சல் கண்டது, மூவர் இறந்தனர். உறை நனைந்த ஊசியை எறிந்துவிடுங்கள்.

உணவு: நிவாரணப் பொதியில் வருவது பெரும்பாலும் அரிசி, மா, சீனி, பருப்பு. நோயாளருக்குச் சீனி போட்ட தேநீரையும் சோடாவையும் தவிருங்கள். சோற்றைக் குறைத்துப் பருப்பு, நன்கு வேகவைத்த முட்டை, வாவி மீன், அவித்த கீரை ஆகியவற்றைக் கூட்டிக் கொடுங்கள். ஆனால் பட்டினி போட வேண்டாம். உண்ண முடியாத நாளில் இன்சுலின் அளவு மாற வேண்டியிருக்கும். அதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். பூஞ்சணம் பிடித்த நெல், நிலக்கடலை, பாண் எதையும் கொடுக்க வேண்டாம்.

வேலை: சிகிச்சை நடக்கும் மாதங்களில் நோயாளர் சூடடிக்கும் களத்துக்கும் வைக்கோற் போருக்கும் எருக் குவியலுக்கும் போகக்கூடாது. வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவும் வேலையை மற்றவர்கள் செய்யட்டும். வீடு காய்ந்த பின்னரே நோயாளர் உள்ளே வரட்டும். வெறுங்காலோடு மண்ணில் நடக்க வேண்டாம். சிறு காயத்தின் வழியாகவும் பூஞ்சணம் புகும்.

கொப்பி: கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டையும் பொலித்தீன் பையில் இட்டு, அடையாள அட்டையோடு வைத்திருங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ மகரகமையிலோ சிகிச்சை பெறும் ஒருவர் இடம்பெயர்ந்தால், புதிய இடத்தின் அரச வைத்தியசாலையில் அந்தக் கொப்பியைக் காட்டலாம். அது இல்லாவிட்டால் எந்த மருந்து எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று புதிய வைத்தியர் அறிவதற்கே நாட்கள் போய்விடும்.

வரம்பு உடைந்தால் வயலில் நீர் நிற்காது என்பது விவசாயிக்குத் தெரியும். உடைந்த இடத்தைக் கண்டவுடன் ஒரு மண்வெட்டி மண் போட்டால் போதும்; விடியட்டும் என்று விட்டால் பயிரே போய்விடும். நோயாளரின் காய்ச்சலையும் கூடிய சீனியையும் அவ்வாறே பாருங்கள்.