தாயமும் கைபேசிப் புதிர் விளையாட்டும்: தற்செயலுக்கு எவ்வளவு இடம்?

சென்னை மயிலாப்பூரில் சனவரி மாதம் கபாலீசுவரர் கோயிலை ஒட்டி நடைபெறும் மயிலாப்பூர் விழாவில் தாயக்கட்டம், பல்லாங்குழி ஆகிய இரண்டுக்கும் போட்டிகள் உண்டு. இரண்டும் ஒரே வகை ஆட்டம் அல்ல. பல்லாங்குழியில் தற்செயலுக்கு இடமில்லை. எந்தக் குழியிலிருந்து எடுப்பது என்பதுதான் முழு ஆட்டமும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடும் பரமபதம் இதற்கு நேர் எதிர். அங்கே ஆடுபவர் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. ஏணியும் பாம்பும் பார்த்துக்கொள்ளும். தாயம் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. சிறிய கைபேசிப் புதிர் விளையாட்டுகளை உருவாக்குவோர் தேடும் இடமும் இதுவே.

தாயக்கட்டைகள் இரண்டு, நீண்ட பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள்: ஒன்று வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். ஆக மொத்தம் 16 விளைவுகள். இவற்றில் 3 நான்கு வழிகளிலும், 2, 4 ஆகியவை மும்மூன்று வழிகளிலும், 1 (தாயம்), 5 ஆகியவை இவ்விரண்டு வழிகளிலும் விழும். 6 ஒரே வழியில்தான் விழும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. அதற்கும் ஒரே வழிதான்.

ஆட்டத்தின் சுவை இந்தச் சமமின்மையில் இருக்கிறது. எதிராளியின் காய்க்கு 3 கட்டம் முன்னே நின்றால் ஒரே உருட்டில் வெட்டுப்படும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 6 கட்டம் முன்னே நின்றால் பதினாறில் ஒன்று. பழகிய பாட்டிகளுக்கு இந்தப் பின்னங்கள் தெரியாமல் இருக்கலாம், ஆனால் காயை எங்கே நிறுத்துவது என்று தெரியும். இன்னொரு விதியும் உண்டு. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். ஒருவர் 5, 1, 3 என்று தொடர்ந்து உருட்டினால், பல வீடுகளில் மூன்று எண்களும் கைக்கு வந்த பிறகே அவர் காய்களை நகர்த்துவார். புதுக்காயை இறக்குவதா, எதிராளியை வெட்டுவதா, குறுக்குக் கோடிட்ட பத்திரமான கட்டத்தில் ஏறி நிற்பதா என்று எண்களைப் பிரித்துக் கொடுக்கலாம். அதிர்ஷ்டம் முதலில் வருகிறது, யோசனை பிறகு. தோற்றவர் கட்டையை மட்டும் குறை சொல்ல முடியாது.

2014-இல் வெளிவந்த 'த்ரீஸ்' விளையாட்டிலும் இதே வரிசைதான். அடுத்து வரும் எண் அட்டையை முன்பே காட்டிவிடுவார்கள். அடிப்படை அட்டைகளான 1, 2, 3 ஒவ்வொன்றிலும் நான்கு வீதம் 12 அட்டைகளைக் கலக்கித் தீரும் வரை எடுப்பார்கள். அதே ஆண்டு கேப்ரியேல் சிருல்லி வெளியிட்ட '2048' எளிமையானது: காலியான ஏதோ ஒரு கட்டத்தில் 90 விழுக்காடு 2, மீதி 10 விழுக்காடு 4. டெட்ரிசின் பிற்காலப் பதிப்புகளில் ஏழு வடிவங்களும் ஒரு பையில் கலக்கப்பட்டு, ஏழும் தீர்ந்த பிறகே அடுத்த பை தொடங்கும்.

தாயத்தைக் கைபேசிக்குக் கொண்டுவருபவருக்கு இந்தப் பை முறை எதற்கு? முதல் காயை இறக்கத் தாயம் விழ வேண்டும் என்ற விதிதான் காரணம். தாயத்தின் வாய்ப்பு எட்டில் ஒன்று. அதனால் எட்டு முறை உருட்டியும் தாயம் காணாதவர்கள் நூற்றுக்கு 34 பேர். 16 முறை உருட்டியும் காணாதவர்கள் ஏறத்தாழ 12 பேர். திண்ணையில் இது கேலிக்குரிய விஷயம், பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள். தனியே திரையைப் பார்த்திருப்பவருக்கோ கட்டை தன் கையில் இல்லாததால், செயலி ஏமாற்றுகிறது என்ற ஐயம்தான் முதலில் வரும்.

16 விளைவுகளையும் ஒரே பையில் போட்டு எடுத்தால் எட்டு முறையில் தாயம் காணாதவர்கள் 23 பேராகக் குறைவார்கள். 15-ஆவது உருட்டுக்குள் எவருக்கும் தாயம் விழுந்தே தீரும். ஆனால் பைக்கும் ஒரு விலை உண்டு. எதிராளியின் 6, 12 தீர்ந்துவிட்டன என்று எண்ணி வைத்திருப்பவர் அந்தத் தொலைவில் துணிந்து நிற்பார், ஆட்டத்தின் அச்சம் போய்விடும். முதல் காய் இறங்கும் வரை பை, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் புதிதாக உருளும் கட்டை என்று பிரித்து வைத்தால் காத்திருப்பும் குறையும், வெட்டுப்படும் பயமும் மிஞ்சும்.